தள்ளு மோவரின் பிளேடைச் சமன் செய்த மூன்று நாள்

கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்துவிட்டால் கிக்குயு புல் எப்படி எழும்பும் என்று கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டுக்கு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் புல், நம் மலையின் குளிரும் ஈரமும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மேலேயும் கொடி ஓடும், மண்ணுக்குள்ளேயும் ஓடும். ஏப்ரல் கடைசியில் வாரம் ஒரு தடவை வெட்டியும் எனக்குப் போதவில்லை. எங்கள் தரை மொத்தமே ஆறு சென்ட்தான், பின்னால் இரண்டு அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விடுகிறோம். மே மாதம் இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும், எங்களுக்கு ஆள் வருவதும் அப்போதுதான். வருபவர்கள் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் புல்தரையைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை வெட்டி முடித்துவிட்டு, சாயங்காலம் டீ டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்து புல்லின் மேல் படுக்கையாக விழுந்தபோதுதான் தெரிந்தது, தரை முழுக்க வரி வரியாக இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையோடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு படி. குனிந்து கையை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் உள்ளங்கையில் குத்துகிறது, மறுபக்கம் மெத்தென்று இருக்கிறது. அதோடு, நீளவாக்கில் ஒரு நூல் கட்டியது போல வெட்டுப்படாத புல் ஒற்றைக் கோடாக நின்றது. ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தேன். கத்தரித்த நுனி என்றால் நேராக இருக்கும், இது நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தது. மறுநாள் காலை அந்த நுனிகளெல்லாம் காய்ந்து, பச்சைக்கு மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு படலம் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று முன்பே பட்டுத் தெரிந்து வைத்திருந்தேன்: மேடு பள்ளம் தரையில் இருக்கிறதா, மெஷினில் இருக்கிறதா என்பது. எங்கள் தரைக்கு ராத்திரியில் காட்டுமாடு வரும். எண்ணூறு, ஆயிரம் கிலோ கனத்தோடு ஈரமண்ணில் கால் வைத்தால் குளம்புக்குழி விழத்தானே செய்யும், அந்தக் குழிக்குள் புல் உயரமாக நிற்பதை மெஷின் கணக்கில் எழுதக் கூடாது. அதனால் ஒரு வரிசையை வடக்கிலிருந்து தெற்காக ஒரு தடவை, அப்புறம் பக்கத்து வரிசையைத் தெற்கிலிருந்து வடக்காக ஒரு தடவை வெட்டினேன். மேடு தரையில் இருந்தால் அது அந்த இடத்திலேயே நிற்கும். எனக்கு அப்படி இல்லை, நான் திரும்பினால் மேடும் திரும்பியது, எந்தத் திசையில் தள்ளினாலும் என் இடது கைப் பக்கம்தான் உயரம். சரி, மெஷின்தான்.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டை வாங்கும்போது கொட்டகையில் கூடவே கிடைத்த பழைய தள்ளு மோவர், வார்ப்பிரும்புச் சட்டம், பதினாறு அங்குல அகலம், முறுக்கிவிட்ட மாதிரி ஐந்து பிளேடுகள் கொண்ட உருளை. உருளைக்கு அடியில் அசையாத ஒரு பட்டை உண்டு, நான் அதை அடிப் பிளேடு என்றே சொல்கிறேன். பின்னால் மரத்தில் ஒரு ரோலர். பெட்ரோல் மோவரில் ஒற்றைப் பிளேடு விசிறி மாதிரிச் சுற்றி, அடித்தே புல்லை வெட்டும். இது அப்படியில்லை, முழுக்க முழுக்க கத்தரிக்கோல் வேலை. உருளைப் பிளேடு புல்லைச் சேர்த்துக்கொண்டு வந்து அடிப் பிளேடின் விளிம்பில் வைத்து நறுக்கும். 1830-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊர்ப் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் இதைக் கண்டுபிடித்தபோது, கம்பளித் துணி ஆலையில் துணியின் மேல் நிற்கும் ரோமத்தைச் சமமாகக் கத்தரிக்கிற மெஷினைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள். துணியில் ரோமம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தால் எவன் வாங்குவான்? இந்த மெஷினின் பிறப்பே சமமாக வெட்டுவதற்காகத்தான், எனவே அது சமமாக வெட்டவில்லை என்றால் காரணம் எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பாதிக் காரணம் எனக்கே தெரியும். போன வருஷம் கூர் தீட்ட வேண்டும் என்று கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். இரண்டு நாளில் பளபளவென்று திரும்பி வந்தது. பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உருளையை அச்சோடு சுழலவிட்டுத் தீட்டாமல் ஐந்து பிளேடையும் தனித்தனியாகக் கைக் கிரைண்டரால் தேய்த்திருக்கிறார்கள். சமையல்கட்டுக் கத்திக்கு அது போதும். இந்த உருளைக்கு ஐந்து பிளேடும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும், தலைமயிர் அளவு ஒன்று தாழ்ந்தாலும் அது அடிப் பிளேடைத் தொடாமல் காற்றை வெட்டிக்கொண்டு போகும். அப்படி வந்ததை நான் என்ன செய்தேன் என்றால், வெட்டவில்லை வெட்டவில்லை என்று இரண்டு பக்க ஸ்க்ரூவையும் மாதாமாதம் இறுக்கிக்கொண்டே வந்தேன். இது பெரிய தப்பு. இறுக்கினால் கூர் வராது, உராய்வுதான் வரும். தள்ளுவது கனமாகும், வலது பக்கம் இரும்பு இரும்பைத் தின்னும், தொடாத இடம் தொடாமலே இருக்கும். ஒரு வருஷம் அப்படித் தேய்த்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

இந்தத் தடவை ஸ்க்ரூவைத் தொடாமல் முதலில் காகிதச் சோதனை. மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, கைப்பிடியைச் சுவரில் சாய்த்து வைத்து, கைக்குத் தோல் கையுறை போட்டுக்கொண்டேன். உருளையை லேசாகத் தட்டினாலே தானாக அரைச் சுற்றுப் போகும், விரல் இருக்கிற இடத்தைப் பார்க்காமல் தட்டக் கூடாது. காகிதத்துக்குத் தினசரி காலண்டர் தாளைத்தான் எடுத்துக்கொண்டேன், செய்தித்தாள் மாதிரி மெல்லியது, எல்லாம் ஒரே அளவு, கிழித்துப் போட்ட தாள் வீட்டில் எப்போதும் இருக்கும். அதை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக்கி, அடிப் பிளேடின் மேல் நிமிர்த்திப் பிடித்து, உருளையை மெதுவாக வெட்டும் திசையில் சுற்ற வேண்டும். நன்றாக இருந்தால் கத்தரியில் வெட்டினது போல 'சரக்' என்று துண்டு விழும். கொஞ்சம் இடைவெளி இருந்தால் காகிதம் மடங்கி உள்ளே போகும். மொண்ணையாக இருந்தால் பாதி வெட்டிப் பாதி கிழியும்.

பிளேடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க்கரால் எண் போட்டேன். ஒவ்வொரு பிளேடையும் இடது கோடி, நடு, வலது கோடி என்று மூன்று இடத்தில் சோதிக்க வேண்டும், மொத்தம் பதினைந்து வெட்டு. ஒரு இடத்தில் ஒரு பிளேடை மட்டும் பார்த்துவிட்டு நன்றாகத்தானே வெட்டுகிறது என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது, நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வலது கோடியில் ஐந்தும் வெட்டின, ஆனால் உருளை அங்கே கரகரவென்று உரசியது. நடுவில் நாலு வெட்டின, நாலாம் பிளேடு பாதி வெட்டிப் பாதி கிழித்தது. இடது கோடியில் இரண்டாவதும் நாலாவதும் காகிதத்தை மடக்கி விழுங்கிவிட்டன, வெட்டே இல்லை. வெட்டிய துண்டுகளைக் காலண்டர் அட்டையின் பின்னால் ஒட்டி, பக்கத்தில் எண் எழுதி வைத்தேன், பிற்பாடு ஒப்பிடுவதற்கு அதுதான் கைகொடுத்தது.

இங்கே எனக்குத் தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணன், முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சி.டி.சி. மெஷினில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள், ஒன்றுக்குப் பத்து என்ற வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று இலையை நொறுக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கோடிக்குக் கோடி ஒன்றாக இல்லை என்றால் தூளின் தரம் கெட்டுவிடும். அந்த செட்டிங்கிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். காலண்டர் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஷாஃப்ட் ஆடுதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவரே வந்து, உருளையின் இடது கோடியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். 'டக் டக்' என்று மெல்லிய சத்தம். "இது ஆடுற வரைக்கும் நீ எங்க செட் பண்ணினாலும் நிக்காதுப்பா. இப்ப காகிதம் வெட்டும், தரையில தள்ளினா வெட்டாது." எனக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் கொட்டகையில் வெட்டுவதும் புல்லில் வெட்டாததும் ஏன் என்று பல மாதமாக விளங்காமல் இருந்தேன்.

பிரித்தோம். சக்கரத்தின் நடுவில் இருந்த பின்னைக் கழற்றினால் சக்கரம் வந்துவிடும், உள்ளே சின்னப் பல்சக்கரம், அதற்குள் ஒரு சாவித்துண்டு. தள்ளினால் பிடித்துக்கொள்ளும், பின்னுக்கு இழுத்தால் விட்டுக்கொடுக்கும், அந்த வேலையைச் செய்வது இந்தத் துண்டுதான். இடதுபக்கத்துச் சாமான்களை ஒரு தட்டிலும் வலதுபக்கத்தை வேறு தட்டிலும் போட்டோம். பல்சக்கரம் இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் தள்ளும்போது உருளை சுழலவே சுழலாது. பேரிங் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சைக்கிள் ஹப்பில் இருக்கிற மாதிரி கப்பும் கோனும் நடுவில் பால்ரஸ் குண்டுகளும்தான். பழைய கிரீஸ் தார் மாதிரிக் கட்டியாகி, அதில் நறுக்கிய புல் பொடிப்பொடியாக ஒட்டிக் கிடந்தது. டீசலில் கழுவினதும் வலதுபக்கக் குண்டுகள் பளிச்சென்று இருந்தன. இடதில் நாலு குண்டுகளில் மேல்தோல் உரிந்து குழி விழுந்திருந்தது, கோனிலும் சுற்றி ஒரு பள்ளம். மலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைவு, அதனால் சைக்கிள் சாமான் வேண்டுமென்றால் 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும். காலை பஸ்ஸில் போன பக்கத்து வீட்டுப் பையனிடம் பழைய குண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினேன். குண்டு வந்தது, கோன் அந்த அளவில் கிடைக்கவில்லை. இருக்கிற கோனையே புதுக் குண்டோடு, ஆட்டம் போகிற அளவுக்கு இறுக்கி, இறுகிப் பிடிக்காத அளவுக்குக் கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டுப் போட்டோம். ஆட்டம் முழுதாகப் போகவில்லை, ஆனால் கையால் அசைத்தால் மட்டும் விரலில் தெரிகிற அளவுக்குக் குறைந்தது.

இரண்டாம் நாள் பிளேடு. அண்ணன் பையிலிருந்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளின் கொத்து) எடுத்து, இரண்டாவது, நாலாவது பிளேடுகளின் இடது கோடியில் நுழைத்துப் பார்த்தார். 0.10 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது, அதற்கடுத்தது போகவில்லை. "அரை மில்லி இருந்தா லேத்துலதான் போடணும், உருளையச் சுத்தவிட்டு மேலேர்ந்து கிரைண்ட் பண்ணணும். இது பத்துல ஒண்ணு. பேஸ்ட்லயே வந்துரும், கைதான் வலிக்கும்" என்றார்.

பேஸ்ட் என்றால் இன்ஜின் வால்வ் தேய்க்கிற பேஸ்ட், மோட்டார் உதிரிபாகக் கடையில் சின்ன டப்பாவில் ஒரு பக்கம் முரடாகவும் மறுபக்கம் நைஸாகவும் கிடைக்கும். வழி இதுதான்: அடிப் பிளேடை உருளைக்கு லேசாகத் தொடும்படி வைத்து, உருளைப் பிளேடுகளின் விளிம்பில் பேஸ்டைத் தடவி, உருளையைத் தலைகீழாக, அதாவது வெட்டும் திசைக்கு எதிராகச் சுற்ற வேண்டும். வெட்டும் திசையில் சுற்றினால் பேஸ்ட் கூர்மையையே தின்றுவிடும், எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று சாணை பிடித்துக்கொள்ளும். உயர்ந்து நிற்கும் பிளேடு அதிகம் உரசும், அதிகம் தேயும், தாழ்ந்தது காத்திருக்கும், கடைசியில் ஐந்தும் ஒரு மட்டத்துக்கு வரும். சக்கரத்தைக் கழற்றியிருந்ததால் ஷாஃப்டின் முனை வெளியே தெரிந்தது, அதில் சாவித்துண்டு உட்காரும் பிளவு இருக்கிறதல்லவா, அண்ணன் ஒரு குழாய்த் துண்டில் காடி வெட்டி அந்தப் பிளவில் மாட்டுகிற மாதிரிக் கைப்பிடி செய்துவிட்டார். டிரில் மெஷினை ரிவர்ஸில் போட்டும் சுற்றலாம், மெதுவான வேகத்தில்தான். எனக்குக் கைப்பிடியே பிடித்திருந்தது, உரசலின் சத்தமும் கனமும் கைக்கு நேராகத் தெரியும்.

பேஸ்டைப் பழைய பெயிண்ட் பிரஷால்தான் தடவ வேண்டும், விரலால் வேண்டாம். கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் குழைத்துக்கொண்டால் ஒட்டி நிற்கும். முதல் ஐந்து நிமிஷம் கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம், பிறகு அது மெலிந்து 'ஷ்ஷ்' என்று வரும், அதற்கப்புறம் சத்தமே இல்லாமல் வழுக்கும். அப்போது துடைத்து, ஸ்க்ரூவைத் துளி திருப்பி, மறுபடி பேஸ்ட். துடைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆர்வமாக இருந்தது. உருளைப் பிளேடின் விளிம்பு மேல் ஒரு ரிப்பன் மாதிரி, மங்கலான இரும்பின் நடுவில் மெல்லிய சாம்பல் மினுக்கம் ஒன்று விழுகிறது. ஒன்று, மூன்று, ஐந்தாம் பிளேடுகளில் அது கோடிக்குக் கோடி போய்விட்டது. நாலாவதில் நடுவரைக்கும் வந்து நின்றது, இரண்டாவதில் இடது கோடிக்கு நாலு விரல் இருக்கும்போது நின்றது. மினுக்கம் நின்ற இடத்துக்கு அப்பால் முந்தின நாள் நான் பூசிய மார்க்கர் மை அப்படியே கறுப்பாக இருந்தது, அதாவது அங்கே இன்னும் எதுவும் தொடவே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கறுப்பு ஓரம் அரை விரல் கால் விரலாகப் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். முரட்டுப் பேஸ்டில் அன்று பகல் முழுக்கப் போனது. சாயங்காலம் மஞ்சு இறங்கி எதிர்வீட்டு வேலிகூடத் தெரியாமல் போன நேரத்தில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன், நாலாம் பிளேடின் கறுப்பு போயிருந்தது. இரண்டாவதில் ஒரு நகத்தின் அளவு மிச்சம், அது மறுநாள் காலை போனது.

நைஸ் பேஸ்டில் இன்னும் அரைமணி ஓட்டிவிட்டு, டீசலும் பிரஷும் கொண்டு முழுக்கக் கழுவினோம். ஒரு பொட்டுப் பேஸ்ட் பேரிங் பக்கம் போய்விட்டால் புதுக் குண்டையும் அது தின்றுவிடும், அதனால் கழுவுவதற்கு முன்பே இரண்டு கோடியிலும் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தோம். அடிப் பிளேடின் முன்முகத்தில் எழும்பியிருந்த பிசிறை அரத்தால் ஒரே திசையில், கோணம் மாறாமல், இரண்டே இழுப்பில் எடுத்தேன்.

இப்போது செட்டிங். இந்த மெஷினில் அடிப் பிளேடுதான் நகரும். ஒவ்வொரு கோடியிலும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு ஸ்க்ரூ, ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க முடியும். வேறு சில மெஷின்களில் உருளையே இறங்கி வரும், அதில் கோடிக்கு ஒரு நட்டுதான் இருக்கும். எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். முதலில் இரண்டு பக்கமும் நன்றாகத் தளர்த்தி, உருளை சத்தமே இல்லாமல் சும்மா சுழலும்படி விட வேண்டும். பிறகு இடதில் அரைக்கால் சுற்று, வலதில் அரைக்கால் சுற்று என்று மாறி மாறித்தான் நெருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால், இரண்டாவதை இறுக்கும்போது முதல் பக்கம் விலகிவிடும், அப்புறம் அங்கே ஓடி இங்கே ஓடி முடிவே வராது. ஒவ்வொரு அரைக்காலுக்கும் காகிதம். நான் எட்டாவது முறையில் இடது கோடியில் முதல் வெட்டைப் பார்த்தேன், வலதில் பத்தாவதில். கடைசி அரைக்காலை அதிலும் பாதியாக்கித் திருப்பினேன். காகிதம் பதினைந்து இடத்திலும் வெட்டியது, காதை வைத்துக் கேட்டால் தகரத்தில் நகம் பட்ட மாதிரி மெல்லிய ஒரு சத்தம் சுற்று முழுக்க ஒரே சீராக வந்தது, தட்டிவிட்டால் உருளை இரண்டு சுற்றுக்கு மேல் தானாகவே ஓடியது. இதற்கு மேல் ஒரு துளிகூட இறுக்கக் கூடாது என்று அண்ணன் ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

இத்தனையும் செய்தும் படி மாதிரி விழுந்த மேடு இதனால் மட்டும் போகாது என்று அப்புறம்தான் விளங்கியது. நுனி பிய்ந்தது பிளேடால், படி விழுந்தது உயரத்தால், இரண்டும் ஒரே பக்கம் இருந்ததால் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். மெஷினைக் காரை போட்ட தரையில் வைத்து ஒரு மூலையை அமுக்கினால் ஒரு கால் குட்டையான நாற்காலி போல ஆடியது. அடிப் பிளேடிலிருந்து தரைக்கு இடதில் 31 மில்லிமீட்டர், வலதில் 26. பின் ரோலரைத் தாங்கும் இடது கிளாம்பு எப்போதோ நழுவிக் கீழே இறங்கியிருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் மெஷின் தூக்கி நின்றிருக்கிறது. அளவுகோலால் பார்த்துப் பார்த்துத் திருகுவதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரே ரீப்பர் கட்டையிலிருந்து 28 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு துண்டு வெட்டி, அடிப் பிளேடின் இரண்டு கோடிக்கும் அடியில் வைத்து, இரண்டு கிளாம்பையும் தளர்த்தி, ரோலர் தானாகத் தரையில் படியட்டும் என்று விட்டு, அப்படியே இறுக்கிவிட வேண்டும். கட்டை இரண்டும் ஒரே அளவு என்பதால் பிளேடும் தானே சமமாகிவிடும். ரோலரும் மரம்தானே, நடுவில் தேய்ந்திருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், நல்லவேளை இல்லை.

28 ஏன் என்றால், கிக்குயுவை அதற்குக் கீழே இறக்கினால் மேலிருக்கும் பச்சை போய் அடியிலிருக்கும் பழுப்புக் கொடி வெளியே வந்துவிடும், பார்க்க மொட்டை அடித்த மாதிரி ஆகும், மறுபடி பச்சை பிடிக்க இரண்டு வாரம். அதோடு ஐந்து பிளேடு உருளையை ரொம்பத் தாழ்த்தி வைத்துத் தள்ளினால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் புல் நிமிர்ந்து, குறுக்குவாட்டில் அலை அலையாகத் தெரியும். அதைப் பிளேடு கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகக் கூடாது, உயரத்தை ஏற்றினாலே சரியாகும்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மேல், பனி உலர்ந்த பிறகுதான் இறக்கினேன். ஈரத்தில் சக்கரம் வழுக்கும், சக்கரம் வழுக்கினால் உருளை நிற்கும், நின்றால் புல் படுத்துவிடும், பிறகு என்ன செட்டிங் செய்தும் பயன் இல்லை. முதல் தள்ளலிலேயே கைக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும், இப்போது தறி ஓடுகிற மாதிரி ஒரே சத்தம், வெட்டிய புல் பின்னால் நீரூற்று போல எழும்பி விழுந்தது. எட்டு வரிசை வெட்டிவிட்டு முழங்காலிட்டு உள்ளங்கையால் தடவினேன், சேரும் இடம் எது என்று கைக்குத் தெரியவில்லை. நுனியும் பிய்யவில்லை.

ஒற்றைக் கோடு மட்டும் போகவில்லை. அதை யோசித்துப் பார்த்தால் அடிப் பிளேடில்தான் தேட வேண்டும். உருளைப் பிளேடு ஒன்றில் மொக்கை விழுந்தால் அடுத்து வரும் பிளேடு அந்த இடத்தை வெட்டிவிடும், கோடு விழாது. அடிப் பிளேடு அசையாதது, அதில் ஒரு பல் உடைந்தால் மெஷின் போகிற தூரமெல்லாம் அந்த இடம் மட்டும் வெட்டுப்படாது. தடவிப் பார்த்தேன், வலது கோடியிலிருந்து ஐந்து விரல் தள்ளி அரிசி அளவு ஒரு வெட்டு. காட்டுப்பன்றி கிளறிப் போட்ட கல் எதையோ போன மழைக்காலத்தில் கடித்த ஞாபகம். அது அரத்தில் போகாது, அவ்வளவு இரும்பை எடுத்தால் பிளேடே மெலிந்துவிடும். இப்போதைக்கு ஒவ்வொரு வரிசையையும் அரை மெஷின் அகலத்துக்கு ஏற்றி வெட்டுகிறேன், இரண்டாவது போக்கில் அந்த நூலும் போய்விடுகிறது. வெட்டுவதற்கு முன்னால் தரையை ஒரு நடை நடந்து கல்லைப் பொறுக்கிவிடுகிறேன்.

இதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "நம்மளதையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க தம்பி" என்று பெட்ரோல் மோவரைக் கொண்டுவந்தார். அதில் வேலை குறைவு. முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி ஒதுக்கிக் கட்ட வேண்டும், இதை மறந்துவிட்டுக் கையை உள்ளே விடவே கூடாது. சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் இறங்கிப் புகையும். பிளேடின் ஒரு நுனியிலிருந்து தரைக்கு அளந்து, பிளேடை அரைச் சுற்றுச் சுற்றி மறுநுனியை அதே இடத்தில் அளந்தேன். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம், பிளேடு வளைந்திருக்கிறது. வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்துவது ஆபத்து, அந்த வேகத்தில் விரிசல் விட்டுப் பறந்தால் கால் போய்விடும். புதுப் பிளேடு வாங்கச் சொன்னேன். வந்ததும் நடுத்துளையில் ஆணியை நுழைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தோம், ஒரு பக்கம் தாழாமல் கிடையாக நின்றது, மாட்டினோம்.

என் மெஷினில் இடது கோனுக்கு அண்ணன் அளவெடுத்து வைத்திருக்கிறார், தெரிந்த லேத்தில் ஒன்று கடைந்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை ஒவ்வொரு தடவை வெட்டும் முன்னும் இடது கோடியில் ஐந்து பிளேடுக்கும் ஐந்து காலண்டர் துண்டு. போன வாரம் நாலாம் பிளேடு கொஞ்சம் மடக்கியது, இடதில் அரைக்காலில் பாதி திருப்பினேன், வெட்டியது.